பெண்கள் பள்ளியில் சிக்ஸ்த் ஃபோர்ம்: பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மகள் 11ஆம் ஆண்டை முடிக்கும் நேரத்தில் இங்கிலாந்திலுள்ள தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள் வருடாவருடம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் இங்கிலாந்தின் அரச பள்ளிகளுக்கு உரியவை. ஸ்கொட்லாந்தில் கல்வி முறையே வேறு. வேல்ஸில் ஏஎஸ் எனப்படும் 12ஆம் ஆண்டுப் பரீட்சையின் புள்ளிகள் இன்னமும் ஏ லெவலில் சேர்கின்றன.

சிக்ஸ்த் ஃபோர்ம் எண்டால் எங்கட ஊர் ஏ/எல் மாதிரியோ? கட்டாயம் போகோணுமோ?

கிட்டத்தட்ட அதுதான். 12ஆம், 13ஆம் ஆண்டுகள் இரண்டும் சேர்ந்ததே சிக்ஸ்த் ஃபோர்ம். ஆனால் இலங்கையில் போல உயிரியல் பிரிவு, கணிதப் பிரிவு, வர்த்தகப் பிரிவு என்று இங்கே பிரிப்பதில்லை. இரசாயனவியலோடு வரலாறும் நாடகமும் எடுக்கலாம், நேர அட்டவணை இடம் கொடுத்தால் போதும். பல்கலைக்கழக அனுமதியும் நாடு முழுவதற்குமான ஒரே தரவரிசையில் நடப்பதில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே முடிவெடுக்கும்.

2015 முதல் இங்கிலாந்தில் 18 வயது வரை கல்வியிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்பது சட்டம். அது சிக்ஸ்த் ஃபோர்மாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கொலேஜ், தொழிற்பயிற்சி, வேலையோடு பகுதிநேரப் படிப்பு ஆகியவையும் ஏற்கப்படும்.

ஏழாம் ஆண்டிலயிருந்து இதே பள்ளியிலதான் படிக்கிறா. தானாகவே மேல எடுப்பினம்தானே?

எடுக்கமாட்டார்கள். உள்ளே படித்த பிள்ளையும் 11ஆம் ஆண்டு முடிவில் எழுதும் ஜிசிஎஸ்ஈ பரீட்சையில் பள்ளி கேட்கும் நிபந்தனையை எட்ட வேண்டும். வழக்கமாக ஐந்து அல்லது ஆறு பாடங்களில் தரம் 5 அல்லது 6 (உச்சத் தரம் 9), எடுக்கப்போகும் பாடத்தில் 6 அல்லது 7 கேட்பார்கள். ஃபர்தர் மெத்ஸுக்கு (கணிதத்தோடு கூடுதலாக எடுக்கும் மேல்நிலைக் கணிதப் பாடம்) 8 கேட்கும் பள்ளிகள் பல. சரியான எண் பள்ளியின் அனுமதிக் கொள்கையில் எழுத்தில் இருக்கும், அதைத்தான் நம்ப வேண்டும். இன்னொரு பள்ளியிலோ கொலேஜிலோ ஒரு மாற்று இடத்துக்கும் விண்ணப்பித்து வைப்பது அவசியம். பெரும்பாலான பள்ளிகளின் முடிவுத் திகதி 11ஆம் ஆண்டின் குளிர்காலத்திலேயே வந்துவிடும்.

ஒருமுறை 12ஆம் ஆண்டில் பதிவு செய்துவிட்டால் நிலைமை வேறு. புள்ளி குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் அரச பள்ளி ஒரு மாணவியை 13ஆம் ஆண்டுக்குப் போகவிடாமல் வெளியேற்ற முடியாது. 2017இல் லண்டனின் கிராமர் பள்ளி (தெரிவுப் பரீட்சை வைத்து எடுக்கும் அரச பள்ளி) ஒன்று அப்படிச் செய்ய, பெற்றோர் சட்ட நடவடிக்கையில் இறங்கினார்கள், பள்ளி முடிவை மாற்றிக்கொண்டது. 'வேறு இடம் பார்த்தால் பிள்ளைக்கு நல்லது' என்று வாய்மொழியாகச் சொன்னால், அதை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

பெண்கள் பள்ளி எண்டுதானே சேர்த்தம். சிக்ஸ்த் ஃபோர்மில பொடியளும் வருவினமாம், உண்மையோ?

பள்ளியைப் பொறுத்தது. பெண்கள் பள்ளிகளில் பல, 12ஆம் ஆண்டிலிருந்து ஆண்களையும் சேர்க்கின்றன. ஓர்பிங்டனிலுள்ள நியூஸ்டெட் வுட் ஓர் உதாரணம். மறுபக்கம், கிங்ஸ்டனின் டிஃபின் ஸ்கூல், ஓர்பிங்டனின் செயின்ட் ஓலேவ்ஸ் போன்ற ஆண்கள் பள்ளிகள் சிக்ஸ்த் ஃபோர்மில் பெண்களை எடுக்கின்றன. இன்னும் சில, அருகிலுள்ள ஆண்கள் பள்ளியோடு சில பாடங்களை மட்டும் பகிர்ந்து நடத்தும். அப்படியானால் மகள் வாரத்தில் சில மணி நேரம் அந்தப் பள்ளிக்கு நடந்தோ பஸ்ஸிலோ போய்வருவாள்.

பள்ளியைப் பார்வையிடும் திறந்த நாளில் மூன்று விடயங்களைக் கேளுங்கள். வெளியிலிருந்து எத்தனை பேரை எடுக்கிறீர்கள், அதில் ஆண்கள் உண்டா, எந்தப் பாடம் வேறு கட்டடத்தில் நடக்கிறது. பொடியள் இருப்பதால் மட்டும் மகளின் படிப்பு கெட்டுவிடும் என்று நினைத்து நல்ல பள்ளியை விடுவது தேவையற்ற இழப்பு. இரண்டு வருடத்தில் பல்கலைக்கழகத்தில் எல்லாருடனும்தான் படிக்கப்போகிறாள்.

பெண்கள் பள்ளியில படிச்சால் உண்மையில என்ன வித்தியாசம்?

கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் பாடத் தெரிவில்தான். இங்கிலாந்தின் அரச பெண்கள் பள்ளிகளில் படிக்கும் மாணவிகள் ஏ லெவல் பௌதிகவியல் எடுக்கும் வாய்ப்பு, கலவன் பள்ளி மாணவிகளைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்று இன்ஸ்டிடியூட் ஒஃப் ஃபிஸிக்ஸ் 2012இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. பெண்கள் பள்ளிகளில் பல தெரிவுப் பரீட்சை வைத்து எடுப்பவை, ஆகவே முழுப் பெருமையையும் பள்ளி வகைக்குக் கொடுக்க முடியாது. என்றாலும் ஃபர்தர் மெத்ஸ் வகுப்பு முழுக்கப் பெண்களாக இருக்கும்போது, 'இது எனக்கான பாடமா' என்ற தயக்கம் எழுவதற்கே இடமில்லை.

குறையும் உண்டு. சில பெண்கள் பள்ளிகளில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பதறும் அழுத்தம் கடுமையாக இருக்கும். யார் எத்தனை மணிவரை விழித்துப் படித்தார்கள் என்பதே பேச்சாகிவிடும். சின்னப் பள்ளி என்றால் நாலைந்து பேர் மட்டும் கேட்கும் பாடத்தை நடத்தமாட்டார்கள். இசை, ஜெர்மன், கம்பியூட்டர் சயன்ஸ் போன்றவற்றுக்கு இந்த ஆபத்து அதிகம். போதிய பேர் சேராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

எத்தனை பாடம் எடுக்கோணும்? நாலு எடுத்தால் கெட்டித்தனம்தானே?

மூன்று போதும். பல்கலைக்கழகங்கள் தரும் வாய்ப்புக் கடிதங்கள் பொதுவாக மூன்று பாடங்களை வைத்தே இருக்கும். ஏ ஸ்டார், ஏ, ஏ பெற்றவளின் இடத்தை, நான்கு பாடத்தில் ஏ, ஏ, பி, பி பெற்றவளால் பிடிக்க முடியாது. நான்கு நியாயமாவது ஃபர்தர் மெத்ஸ் நான்காவதாக வரும்போதுதான். கணிதம், பொறியியல், சில இடங்களில் பொருளியலுக்கும் அது உண்மையாகவே உதவும்.

மூன்றோடு கூடுதலாக ஏதாவது வேண்டுமென்றால் ஈபிகியூ இருக்கிறது. தானே தெரிந்த தலைப்பில் சுமார் 5,000 சொல் ஆய்வறிக்கை எழுதி, அதை விளக்கிப் பேசவும் வேண்டும். அரை ஏ லெவலுக்குச் சமம். பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் கணக்கில், ஏ லெவலில் ஏ ஸ்டாருக்கு 56 புள்ளிகள், ஈபிகியூவில் 28. சில பல்கலைக்கழகங்கள் இதில் ஏ எடுத்தவர்களுக்கு நிபந்தனையை ஒரு தரம் குறைக்கின்றன.

பாடக் கூட்டணியில் வரும் தவறுகள் பெரும்பாலும் இவைதான்: கணிதம் இல்லாமல் கம்பியூட்டர் சயன்ஸ் பட்டத்தை நினைப்பது, பௌதிகவியல் இல்லாமல் பொறியியலை நினைப்பது, இரசாயனவியலை விட்டுவிட்டு மருத்துவத்தை நினைப்பது. சட்டத்துக்கு 'லோ' ஏ லெவல் தேவையில்லை.

யூனிபோர்ம் இல்லையாம். அப்ப என்ன போடுறது?

பெரும்பாலான பெண்கள் பள்ளிகள் அலுவலகத்துக்குப் போகும் விதமான உடையைக் கேட்கின்றன. கோட் அல்லது பிளேசர், காற்சட்டை அல்லது முழங்காலளவு பாவாடை, கழுத்தில் அடையாள அட்டை. சில பள்ளிகளில் எந்த உடையும் போடலாம். இரண்டு காற்சட்டை, நாலு மேற்சட்டை, ஒரு பிளேசர் வாங்கினால் முதல் தவணை ஓடும். மீதியை மற்றவர்கள் என்ன போடுகிறார்கள் என்று பார்த்த பிறகு வாங்கலாம். விதியை வாசிக்காமல் ஓகஸ்டிலேயே முழு உடுப்பும் வாங்குவதுதான் வீண் செலவு.

அரைவாசி நேரம் ஃப்ரீ பீரியட் எண்டு சொல்லுறா. பள்ளியில படிப்பிக்கினமோ இல்லையோ?

படிப்பிக்கிறார்கள். ஒரு பாடத்துக்கு வாரம் நாலரை, ஐந்து மணி நேரம். மூன்று பாடத்துக்குச் சுமார் 15. பள்ளி வாரம் 25 மணி நேரம் என்றால் 10 மணி நேரம் அட்டவணையில் வெறுமையாக இருக்கும். வகுப்பில் செலவிடும் ஒவ்வொரு மணிக்கும் இன்னொரு மணி நேரம் தானாகப் படிக்க வேண்டும் என்பதே பள்ளிகளின் எதிர்பார்ப்பு. ஆக அந்தப் பத்து மணியும் படிப்பு நேரமே. சிக்ஸ்த் ஃபோர்மின் வெற்றி தோல்வியை எதையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஒரு செவ்வாய்க்கிழமையை எடுப்போம். முதலாம் பாடவேளை இரசாயனவியல், இரண்டாவது ஃப்ரீ. கொமன் ரூமுக்குப் போனால் மைக்ரோவேவில் யாரோ நூடுல்ஸ் சூடாக்குவார்கள், பத்துப் பேர் கதைப்பார்கள், ஐம்பது நிமிடம் போய்விடும். அதையே அமைதி வாசிப்பறையில் செலவிட்டால், முதல் 15 நிமிடத்தில் அன்றைய குறிப்பைப் புத்தகத்தைப் பார்க்காமல் ஒரு பக்கத்தில் எழுதலாம். அடுத்த 25 நிமிடத்தில் அதே தலைப்பின் கடந்தகால வினா இரண்டு. கடைசிப் பத்து நிமிடத்தில் புள்ளியிடும் திட்டத்தை வைத்துத் தானே திருத்தி, விட்ட சொற்களைச் சிவப்பில் எழுதலாம். இப்படி நாளுக்கு ஒன்று செய்தாலே, எல்லாவற்றையும் வீட்டுக்குச் சுமந்துவந்து இராச்சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி நள்ளிரவு வரை இழுபடும் நிலை வராது.

கொமன் ரூமை முற்றாகத் தடுக்கவும் வேண்டாம். நட்பு அங்கேதான் உருவாகிறது, குறிப்பாக வேறு பள்ளியிலிருந்து புதிதாக வந்த பிள்ளைக்கு. ஃப்ரீ நேரத்தில் வெளியே போகும் அனுமதி பல பள்ளிகளில் 13ஆம் ஆண்டுக்குத்தான்.

ஜிசிஎஸ்ஈயில 9 எடுத்த பிள்ளை, ஒக்டோபர் டெஸ்டில டி எடுத்திருக்கிறா. என்ன நடந்தது?

வழக்கமாக நடப்பதுதான் நடந்திருக்கிறது. ஜிசிஎஸ்ஈ இரசாயனவியலில் சோடியத்தின் இலத்திரன்களை 2, 8, 1 என்று எழுதினால் முழுப் புள்ளி. ஏ லெவலில் முதல் வாரங்களிலேயே அந்த ஓடுகள் எஸ், பி, டி என்று உப ஓடுகளாகப் பிரிந்துவிடும். மனப்பாடம் செய்த பழைய விடை அங்கே வேலை செய்யாது. கணிதத்திலும் அப்படித்தான். ஜிசிஎஸ்ஈ வினா 'முதலில் இதைக் கண்டுபிடி, பிறகு அதை' என்று கைபிடித்துக் கூட்டிப்போகும். ஏ லெவல் வினா முடிவை மட்டும் கேட்கும், நடுவிலுள்ள படிகளைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். அட்சரகணிதத்தில் கை தளர்ந்த பிள்ளைக்கு எல்லாப் பாடமும் கடினமாகத் தெரியும்.

முதல் டெஸ்டில் விழுந்ததற்காக யாரும் பதறத் தேவையில்லை. விடைத்தாளை எடுத்து, போன புள்ளிகளை மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாதது, தெரிந்தும் எழுதத் தெரியாதது, அவசரப் பிழை. முதலாவதுக்கு ஆசிரியரின் உதவி வகுப்பு. இரண்டாவதுக்கு மேலே சொன்ன புள்ளியிடும் திட்டம். மூன்றாவதுக்கு நேரம் வைத்துப் பயிற்சி. கோடையில் பள்ளி கொடுத்த முன்னாயத்த வேலையைச் செய்யாமல் வந்த பிள்ளைகளுக்கு முதலாவது வகைதான் அதிகமாக இருக்கும்.

பிடிக்கேல்லை எண்டால் பாடம் மாத்தலாமோ?

செப்டெம்பர் முடியும் வரை பொதுவாக மாற்றலாம், இடமும் அட்டவணையும் ஒத்துவந்தால். அதற்குப் பிறகு விட்டுப்போன பாடங்களைப் பிடிப்பது கஷ்டம், பள்ளியும் மறுக்கும். முடிவெடுக்க முன் 'பாடம் பிடிக்கவில்லையா, அல்லது இந்த அத்தியாயம் பிடிக்கவில்லையா' என்று மகளிடம் கேளுங்கள். மாற்றுவதற்கான கோரிக்கையை அவளே சிக்ஸ்த் ஃபோர்ம் தலைவரிடம் கொண்டுபோக வேண்டும். 12ஆம் ஆண்டை முழுதாக மறுபடி தொடங்கும் வழியும் சில பள்ளிகளில் உண்டு.

சனி, ஞாயிறு ரியூஷன் போடட்டோ?

விடைத்தாளைப் பிரித்துப் பார்த்தபின் முடிவெடுங்கள். 'தெரியாதது' அதிகம் இருந்து, பள்ளி உதவி வகுப்பும் போதவில்லை என்றால் ஒரு பாடத்துக்கு ஒரு மணி நேரம் பயன் தரும். மூன்று பாடத்துக்கும் ரியூஷன் போட்டால் அந்த நேரம் முழுவதும், தானே உட்கார்ந்து வினா செய்யும் நேரத்திலிருந்துதான் வெட்டப்படும். ரியூஷன் ஆசிரியருக்கு மகளின் பரீட்சைச் சபை எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஏகியூஏ, ஓசிஆர், எட்எக்ஸெல் என்று சபைக்குச் சபை பாடத்திட்டமும் வினா பாணியும் மாறும்.

அரங்கேற்றம் எப்ப வைக்கலாம்?

மிகப் பொருத்தமான காலம் ஜிசிஎஸ்ஈ முடிந்த கோடை. பரீட்சை ஜூன் இறுதிக்குள் முடிந்துவிடும், செப்டெம்பர் வரை முன்னாயத்த வேலை தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் ஒத்திகைகள் மார்ச், ஏப்ரலில் உச்சத்துக்கு வராதபடி குருவோடு முன்பே பேசிவைக்க வேண்டும். ஓகஸ்ட் பிற்பகுதி நல்லது.

12ஆம் ஆண்டு முடிந்த கோடை பார்க்க வசதியாகத் தெரியும், ஆனால் அதுதான் ஆபத்தானது. பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டுரை, பல்கலைக்கழகத் திறந்த நாட்கள், மருத்துவம் என்றால் யூகேட் பரீட்சை எல்லாம் அந்த ஆறு வாரத்தில்தான். ஜிசிஎஸ்ஈ முடிந்த கோடையைத் தவறவிட்டால் 13ஆம் ஆண்டு முடிந்த பிறகு வையுங்கள்.

ஹெட் கேர்ள், பிரிஃபெக்ட் பதவி கிடைச்சால் யூனிவேர்சிற்றிக்கு உதவுமோ?

கொஞ்சம்தான். பதவியின் பெயருக்கு மதிப்பு குறைவு, அதில் என்ன செய்தாள் என்பதற்கே மதிப்பு. ஏழாம் ஆண்டுப் பிள்ளைக்கு வாரம் ஒருமுறை கணிதம் சொல்லிக்கொடுத்ததை மருத்துவ நேர்முகத்தில் பேசலாம். ஹெட் கேர்ள் தெரிவு பெரும்பாலும் 12ஆம் ஆண்டின் வசந்தத்தில், கடிதம், உரை, வாக்கு, நேர்முகம் என்று நடக்கும். கிடைக்காத பிள்ளைகளே அதிகம். வீட்டில் அதைத் தோல்வியாகப் பேசாதீர்கள்.

காசு விடயத்தில நாங்கள் என்ன செய்யோணும்?

முதலாவது, பிள்ளைகளுக்காக அரசு தரும் சைல்ட் பெனிஃபிட். மகள் 16 ஆனபின் வரும் ஓகஸ்ட் 31உடன் அது நின்றுவிடும், படிப்பு தொடர்கிறது என்று வரித் திணைக்களமான எச்எம்ஆர்சிக்கு நீங்கள் அறிவித்தால்தான் நீடிக்கும். கடிதம் வரும், கிடப்பில் போடாதீர்கள். யூனிவர்சல் கிரெடிட் எடுப்பவர்கள் அங்கும் தனியாக அறிவிக்க வேண்டும்.

இரண்டாவது, 16–19 பேர்ஸரி எனும் உதவித்தொகை. பராமரிப்பு இல்லத்தில் வளரும் பிள்ளைகள் போன்ற சில பிரிவினருக்கு வருடத்துக்கு 1,200 பவுண் வரை. மற்றக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பள்ளியே தீர்மானித்துப் பயணம், புத்தகம், உபகரணச் செலவுக்குத் தரும். கேட்டால்தான் கிடைக்கும், செப்டெம்பரிலேயே படிவத்தைக் கேளுங்கள். லண்டனில் இருப்பவர்கள் 16+ ஸிப் ஒய்ஸ்டர் பயண அட்டைக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், பழைய அட்டை தானாக மாறாது. பஸ்ஸும் டிராமும் இலவசம், டியூபில் பெரியவர் கட்டணத்தின் பாதி.

டொக்டருக்குப் படிக்க விருப்பம். எப்ப தொடங்கோணும்?

12ஆம் ஆண்டின் முதல் தவணையிலேயே. முதியோர் இல்லத்திலோ தொண்டுக் கடையிலோ வாராவாரம் சில மணி நேரம் உதவுவதற்கு இடம் கிடைக்கவே மாதங்கள் எடுக்கும். யூகேட் கோடையில் தொடங்கி செப்டெம்பர் வரை நடக்கும், ஒரு விண்ணப்பச் சுற்றுக்கு ஒருதடவைதான் எழுதலாம். முன்பு இருந்த பிமேட் பரீட்சை 2023க்குப் பிறகு இல்லை. விண்ணப்பம் ஒக்டோபர் 15 மாலை 6 மணிக்குள் போக வேண்டும், ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜுக்கும் அதே திகதி. மருத்துவத்துக்கு நான்கு தெரிவுகள் மட்டுமே, ஐந்தாவதை வேறு படிப்புக்குப் பயன்படுத்தலாம்.

பள்ளிகளின் உள் முடிவுத் திகதி செப்டெம்பரிலேயே வரும், ஏனெனில் ஆசிரியர் பரிந்துரை எழுத நேரம் வேண்டும். விண்ணப்பக் கட்டுரை 2026 அனுமதியிலிருந்து மூன்று கேள்விகளாக மாறிவிட்டது. மொத்தம் 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. அண்ணா, அக்காவின் பழைய கட்டுரையைப் பார்த்து எழுதினால் வடிவமே பொருந்தாது.

ப்ரெடிக்டட் கிரேட் குறைச்சுப் போட்டினம். பள்ளியில போய்ச் சண்டை பிடிக்கலாமோ?

சண்டையால் மாறாது, சான்றால் மாறலாம். மகள் எடுப்பாள் என்று பள்ளி எதிர்பார்த்து பல்கலைக்கழக விண்ணப்பத்தில் இடும் அந்தத் தரம் பெரும்பாலும் 12ஆம் ஆண்டின் ஜூன் பரீட்சையிலிருந்து வரும், அதனால்தான் அந்தப் பரீட்சையை லேசாக எடுக்கக் கூடாது. எந்த அடிப்படையில் இட்டீர்கள், செப்டெம்பரில் இன்னொரு பரீட்சை எழுதினால் மறுபரிசீலனை செய்வீர்களா என்று மகளே கேட்கட்டும். பெற்றோர் கேட்டதற்காக உயர்த்தினால் பல்கலைக்கழகத் தெரிவு ஐந்தும் எட்டாத உயரத்துக்குப் போய், ஓகஸ்டில் கையில் ஒன்றுமே இல்லாமல் நிற்கும் நிலையும் வரலாம். மாற்றாவிட்டால், பெறுபேறு வந்தபின் அடுத்த வருடத்துக்கு உண்மையான தரங்களோடு விண்ணப்பிப்பது மதிப்பான வழி.

எங்களுக்கு இன்னும் நிரந்தர விசா இல்லை. படிக்க ஏலுமோ?

சிக்ஸ்த் ஃபோர்ம் படிக்கலாம், அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ள குடும்பத்துப் பிள்ளையும் படிக்கலாம். சிக்கல் பல்கலைக்கழகத்தில்தான். நிரந்தர விசா இல்லாவிட்டாலும், 18 வயதுக்குக் குறைந்தவர் இங்கே 7 வருடம் வாழ்ந்திருந்தால், அல்லது 18 ஆனவர் தன் வயதில் பாதியோ 20 வருடமோ வாழ்ந்திருந்தால் மாணவர் கடன் கிடைக்கலாம். கூடவே படிப்புத் தொடங்கும் முன்னான 3 வருடமும் சட்டபூர்வமான வதிவிடம் வேண்டும். விசா முடிந்தபின் புதுப்பிக்க விண்ணப்பித்தால் அந்த 3 வருடத் தொடர்ச்சி அறுந்துவிடும், ஆகவே முடியும் முன்பே அனுப்புங்கள். முடிவு வராத அகதி விண்ணப்பதாரருக்குக் கடன் இல்லை. அவர்களுக்கென்று தனிப் புலமைப்பரிசில் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு, அவற்றின் முடிவுத் திகதிகள் வேறாக இருக்கும். 12ஆம் ஆண்டிலேயே பள்ளியின் யூகாஸ் பொறுப்பாளரிடம் நிலைமையைச் சொல்லி, தகுதியுள்ள குடிவரவுச் சட்டத்தரணியையும் கேளுங்கள்.

ஓகஸ்டில நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போறம். றிசல்ட் ஒன்லைனில பார்க்கலாம்தானே?

ஜிசிஎஸ்ஈ, ஏ லெவல் எழுதிய இரண்டு கோடைகளிலும் பெறுபேற்று நாள் கழிந்த பிறகு டிக்கெட் போடுங்கள். ஏ லெவல் பெறுபேறு ஓகஸ்ட் நடுப்பகுதி வியாழன், ஜிசிஎஸ்ஈ அதற்கடுத்த வியாழன். ஜிசிஎஸ்ஈ நாளில்தான் பெரும்பாலான பள்ளிகள் 12ஆம் ஆண்டுப் பதிவையும் செய்கின்றன. பிள்ளை நேரில் வராவிட்டால் இடம் காத்திருப்புப் பட்டியலில் உள்ளவருக்குப் போகலாம். தவிர்க்கவே முடியாத பயணம் என்றால், யார் பதிலாக வரலாம் என்று ஜூனிலேயே பள்ளியிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

ஏ லெவல் நாள் அதைவிட அவசரமானது. ஒரு தரம் குறைந்துவிட்டால் முதலில் தன் முதல் தெரிவுப் பல்கலைக்கழகத்தை அழைக்க வேண்டும், சில வேளை அப்படியும் எடுப்பார்கள். அடுத்தது இரண்டாம் தெரிவு, பிறகு கிளியரிங் (நிரம்பாத இடங்களுக்கு விண்ணப்பிக்கும் முறை). இந்த அழைப்புகளை மாணவியே செய்ய வேண்டும், பெற்றோரோடு பல்கலைக்கழகம் பேசாது. அவளால் முடியாதுபோனால் பேசுவதற்கு ஒருவரின் பெயரை யூகாஸ் படிவத்தில் முன்கூட்டியே சேர்க்கலாம். அந்தப் பெட்டியை வெறுமையாக விடாமல் நிரப்பச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தால் நேரம் நாலரை மணி முன்னால் ஓடும், இங்கிலாந்தின் காலை 8 மணி அழைப்பு வரிசைக்கு அவள் அங்கே பகல் 12:30க்கு, நல்ல இணையத் தொடர்புள்ள இடத்தில், யூகாஸ் இலக்கமும் ஜிசிஎஸ்ஈ தரங்களும் எழுதிய தாளோடு இருக்க வேண்டும்.